கயிறு பிடிக்கிறவன் கண்ணை மூடலாமா?

1. கல்யாணத்தில் கிடைத்த வேலை

எனக்கு வேலை கிடைத்தது என் தங்கச்சியின் கல்யாணத்தில். பரீட்சை கிடையாது, இன்டர்வியூ கிடையாது. பாக்கியத்தின் கழுத்தில் சூசை தாலி கட்டினான். விருந்து மணம் ஆறுமுன்னே ஒரு விடிகாலையில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினான். "மச்சான், எந்திரியும். கயிறு பிடிக்க வாரும்" என்றான். அதுதான் என் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்.

இப்போது கடலில் இறங்குகிற பிள்ளைகள் வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, மேலே கம்ப்ரசர் ஓட, வேண்டிய மட்டும் கீழே கிடக்கிறார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்த காலத்தில், சங்கு குளிக்கிற எங்களிடம் இருந்தது ஒரு கல், இரண்டு கயிறு, ஒரு மூச்சு. குளிக்கிறவன் கல்லில் கட்டிய வளையத்துக்குள் ஒரு காலை விட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, தலையை ஆட்டுவான். கல்லுக் கயிற்றை விட்டால் எட்டுப் பத்துப் பாகம், அதாவது ஐம்பது அறுபது அடி ஆழத்துக்கு நேரே போய் நிற்பான். கல்லை நாங்கள் மேலே இழுத்துக்கொள்வோம். இன்னொரு கயிறு அவன் இடுப்பில் இருக்கும். மூச்சு தாங்குகிற வரைக்கும் அடித்தரையில் தவழ்ந்து சங்கைப் பொறுக்கி வலைப்பையில் போடுவான். முடியாதபோது கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். மேலே இருக்கிறவன் உடனே இழுக்க வேண்டும். பீடி பற்றவைத்துவிட்டு இழுக்கிறேன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த இடுப்புக் கயிற்றை யார் பிடிப்பது என்பதில்தான் எங்கள் ஆட்களின் சாமர்த்தியம் இருக்கிறது. அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். எங்கள் வள்ளத்தை நடத்திய தண்டல் சவரிமுத்து அண்ணாச்சி இதற்கான காரணத்தைச் சிரிக்காமல் சொல்லுவார்.

"அண்ணன் தம்பின்னா பங்காளி. இவன் போனா வீட்டுல ஒரு பங்கு மிச்சம்னு கை கொஞ்சம் மெல்ல இழுத்தாலும் இழுத்துரும். மச்சானுக்கு அப்படியா? இவன் போனா தங்கச்சி புள்ளைகளத் தூக்கிக்கிட்டு நேரா அவன் வீட்டுலதான வந்து உக்காருவா? அந்தப் பயத்துல இழுப்பான் பாரு, கப்பலையே இழுத்துருவான்."

நான் அந்தப் பயத்தோடுதான் இழுத்தேன். முதல் வாரம் உள்ளங்கைத் தோல் முழுக்க உரிந்துவிட்டது. சோற்றைக் கரண்டியால் தின்றேன். "துரை மாதிரி திங்கான் பாரு" என்று என் பெண்டாட்டி கேலி செய்தாள். ஆனால் சூசை ஒரு தடவைகூட மேலே வந்து என்னைக் குறை சொன்னதில்லை. பாக்கியத்துக்கு ஒரு பிள்ளை, இரண்டாவது பிள்ளை என்று ஆகும்வரை அவன் இடுப்பும் என் கையும் ஒரே கயிற்றில் இருந்தன. எனக்கு அதில் பெருமைதான். ஏன் மறைக்க வேண்டும்?

2. ஆண்டவரைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள்

அந்த வருஷம் தவக்காலத்தில் எங்கள் மாதா கோயிலில் ஞான ஒடுக்கம் என்கிற தியானப் பிரசங்கம் சில நாள் நடந்தது. பிரசங்கம் செய்தவர் புதிதாக வந்திருந்த சாமியார். சின்ன வயசு. தாமிரபரணிக் கரையில் வயல்காட்டு ஊர்க்காரர். கடலை அவர் பார்த்ததெல்லாம் கோயில் வாசலில் நின்றுதான். ஆனால் பேச்சு இருக்கிறதே, அப்படி ஒரு பேச்சு.

"நீங்கள் பூசை முடிந்ததும் ஆண்டவரைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். அவர் தனியாகப் பூட்டிக் கிடக்கிறார். கூடக் கூட்டிக்கொண்டு போங்கள். அடுப்படிக்கு, கடைக்கு, கடலுக்கு. பக்கத்தில் இருக்கிற ஆளிடம் பேசுவது போலப் பேசுங்கள். அவர் கூட இருக்கிறார் என்பதை ஒரு நிமிஷமும் மறக்காதீர்கள்" என்றார்.

கடல் என்று சொன்னபோது என்னைத்தான் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. என்னவோ நெஞ்சுக்குள் நெகிழ்ந்துவிட்டது. பகல் முழுக்க வெயிலில் ஒரு கயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் தனிமை என்றால் என்னவென்று தெரியும். கூட ஆண்டவர் வருவார் என்றால் யாருக்குக் கசக்கும்? தவிர, நான் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. பீடியை விட்டபோது தீப்பெட்டியையும் சேர்த்துக் கடலில் எறிந்தவன். அடுப்புப் பற்றவைக்க நெருப்பு இல்லாமல் வீட்டில் திட்டு வாங்கியது வேறு கதை.

மறுநாள் காலையில் கோயில் வாசலில் நின்று, "வாரும் ஆண்டவரே, போவம்" என்று கூப்பிட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடந்தேன்.

3. வள்ளத்தில் ஒரு ஆள் கூடுதல்

கூட்டிக்கொண்டு வந்தவருக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டாமா? நான் உட்காருகிற குறுக்குப் பலகையில் என் வலது பக்கத்தை ஒதுக்கி வைத்தேன். வள்ளம் கிளம்பியதும் அருளப்பன் அங்கே வந்து உட்காரப் போனான். அருளப்பன் சூசைக்குச் சித்தப்பா மகன். கோயில் சபைக்குத் தலைவன். துடுப்பு போடுவான், வேறொரு குளிகாரனுக்குக் கயிறும் பிடிப்பான்.

"அங்கன உக்காராதீரும்" என்றேன்.

"ஏன், ஈரமா?"

"ஈரமில்ல. ஆள் இருக்கு."

அவன் பலகையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பின்னால் போய்விட்டான். சபைத் தலைவனாக இருந்தும் அவனுக்கு விளங்கவில்லை.

தண்டல் அண்ணாச்சிக்கு விளங்கியது. "ஏலே தொம்மை, பெர்மிட்டுல இத்தன பேருதான்னு எழுதியிருக்கு. சங்கு ஆபீஸ் இன்ஸ்பெக்டர் எண்ணிப் பாத்தா ஆள் கூடுதல்னு சொல்லப் போறாரு" என்றார். அதோடு விடாமல் குடிதண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த இடத்தில் வைத்தார். "அவரு மடியில இருக்கட்டும். பானையும் ஆடாது, அவருக்கும் தாகத்துக்கு ஆச்சு."

இந்தக் கேலியெல்லாம் என்னைத் தொடவில்லை. ஆண்டவரிடம் பேசிக்கொண்டே வேலை பார்த்தேன். "இருக்கீரா ஆண்டவரே? வெயிலு இன்னைக்கு அதிகந்தான். கொண்டல் காத்து அடிச்சாத் தேவல." இப்படி. குளிகாரன் இரண்டு மூன்று முறை இறங்கி ஏறினால் கொஞ்ச நேரம் வள்ளத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்குவான். சூசை அப்படிக் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தபோது, தூங்குகிறான் என்று நினைத்து, வீட்டு விஷயத்தையும் சொன்னேன். "ஆண்டவரே, நேத்து மாப்பிள பாக்கியத்த வைஞ்சானாம். குழம்புல உப்பு இல்லன்னு. நீரு கொஞ்சம் என்னன்னு கேளும்."

சூசை கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "மச்சான், என்னையப் பத்தி ஏதும் சொல்லணும்னா எங்கிட்ட நேரா சொல்லும். மேலிடத்துல போயி பெட்டிஷன் போடாதீரும்."

வள்ளமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அந்த வாரம் எனக்கு நன்றாகத்தான் போனது. வெயில் உறைக்கவில்லை. வாயில் வசவு குறைந்தது. சங்கு ஆபீஸில் ரிங் வைத்து அளக்கும்போது சின்னச் சங்கைக் கழித்துக் கடலில் போடச் சொன்னார்கள், அன்றைக்கு மட்டும் நான் வாதாடவில்லை. கூட நிற்கிறவர் கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்ற கூச்சம். இத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

4. கண்ணை மூடினேன்

பேசிப் பேசி எனக்கே சந்தேகம் வந்தது. நான் பேசுகிறேன், அவர் இருக்கிறாரா? ஞான ஒடுக்கத்தின் கடைசி நாளில் சாமியார், "அமைதியாக இருந்தால் அவர் இருப்பது தெரியும்" என்று வேறு சொல்லிவிட்டார். சரி, பேச்சை நிறுத்தி அமைதியாக இருந்து பார்ப்போம் என்று முடிவு செய்தேன். அமைதி என்றால் கண்ணை மூட வேண்டும் அல்லவா? கயிறு கையில்தானே இருக்கிறது, கண் எதற்கு என்று நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

சூசை இறங்கினான். கண்ணை மூடினேன். தண்ணீர் வள்ளத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. காற்று முகத்தில் பட்டது. உண்மையாகவே சொல்கிறேன், அன்றைக்கு ஏதோ ஒன்று மிக அருகில் வந்தது போல இருந்தது. நான் அதைப் பிடித்துவிட வேண்டும் என்று அதன் பின்னாலேயே போனேன்.

கயிறு சுண்டியது. தெரிந்தது. ஆனால் தெரிந்ததுக்கும் இழுத்ததுக்கும் நடுவில் கொஞ்சம் பிந்திவிட்டது. கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி முடிக்கிற நேரத்தில் பாதி. கரையில் இருக்கிறவனுக்கு அது ஒன்றுமில்லை. மூச்சு முடிந்தவனுக்கு அது ஒரு யுகம்.

சூசை மேலே வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினான். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"தூங்குனீரா?"

"இல்ல மாப்பிள."

"பின்ன?"

"ஆண்டவர நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

வாயில் இருந்த உப்புத் தண்ணீரைத் துப்பினான். அப்புறம் கேட்டான் பாருங்கள், அது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"நீரு ஆண்டவர நெனச்சுக்கிட்டு இருந்தா, என்னைய எவன்வே நெனப்பான்?"

வள்ளத்தில் ஏறினான். என் கையில் இருந்த கயிற்றை வாங்கினான். பின்னால் நடந்து போய் அருளப்பன் மடியில் போட்டான். யாரும் சிரிக்கவில்லை. தண்டல் அண்ணாச்சி தண்ணீர் இறைக்கிற தகரத்தை என்னிடம் தந்து, "நாளையிலிருந்து நீ இதப் பாரு" என்றார்.

5. தங்கச்சி வந்தாள்

மச்சானை விட்டுவிட்டுப் பங்காளி கையில் கயிற்றைக் கொடுப்பது எங்கள் தெருவில் சின்ன விஷயம் இல்லை. பெண் வீட்டாரை நம்பவில்லை என்று அர்த்தம். மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கடைக்காரர் எனக்கு வெற்றிலை மடித்துத் தரும்போதே, "என்ன தொம்மை, மாப்பிளயோட ஏதும் சடவா?" என்று கேட்டார்.

பாக்கியம் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு வந்து நின்றாள்.

"ஏண்ணே, எம் புருஷன் கயித்தப் பிடுங்கிப் பங்காளிகிட்ட குடுக்குற அளவுக்கு நீ என்ன பண்ணுன?"

"செபம் பண்ணுனேம்ளா."

"அதக் கோயில்ல பண்ண வேண்டியதுதான? கோயில் என்ன பூட்டியா கெடக்கு?"

"ஆண்டவர் பூட்டித்தான் கெடக்காருன்னு சாமியாரே சொன்னாரு" என்று ஆரம்பித்தேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். சண்டை போட வந்தவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அருளப்பன் நல்லவருதான். ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா நீ பிடிச்சன்னா நான் அடுப்பப் பாப்பேன், புள்ளைகளக் குளிப்பாட்டுவேன். இனி அவரு பிடிச்சா நான் கடலையே பாத்துக்கிட்டு நிக்கணும். எனக்கு முடியாதுண்ணே" என்றாள்.

அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை. கோபமும் வந்தது. யார் மேல் என்று யோசித்தேன். சூசை மேல் கோபப்பட முடியாது. ஆண்டவர் மேல் கோபப்படப் பயம். மிச்சம் இருந்தவர் சாமியார்தான். நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"சாமி, நீங்க சொன்னதச் செஞ்சேன். வேல போச்சு."

"எப்படிச் செஞ்சீரு, சொல்லும்" என்றார். பலகையில் இடம் விட்டது, பானை, பெட்டிஷன், கண் மூடியது எல்லாம் சொன்னேன். பானை வந்தபோது சிரித்தார். சூசை கேட்டதைச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது.

"தொம்மை, உம்ம வேலை என்னன்னு தெரியாமலே நான் பேசிட்டேன் போல. கயிறு பிடிக்கிறதுன்னா எங்க ஊர்ல மாட்டக் கட்டுறதுதான். ஒருநாள் உங்க வள்ளத்துல வாரேன். கண்ணால பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒரு சாமியார் கடலுக்கு வருகிறேன் என்றால் எங்கள் கடற்கரையில் எவன் வேண்டாம் என்பான்? தண்டல் அண்ணாச்சி வள்ளத்தைத் தேய்த்துக் கழுவினார். அருளப்பன் பலகையில் ஜமுக்காளம் விரித்தான்.

6. சாமியார் கடலுக்கு வந்த நாள்

வெள்ளை அங்கியோடு சாமியார் வந்து ஏறினார். கரை மறைகிறவரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். அலை கொஞ்சம் உருளத் தொடங்கியதும் பேச்சு குறைந்தது. சங்குப் பார், அதாவது சங்கு கிடக்கிற இடம், வந்து நங்கூரம் போட்டபோது முகம் அங்கியின் நிறத்துக்கு வந்துவிட்டது.

"சாமி, தூரத்துல ஒரு எடத்தப் பாத்துக்கிட்டே இருங்க" என்றார் தண்டல்.

"எந்த எடம்? எல்லாம் ஆடுதே" என்றார் சாமியார்.

சூசை கல்லில் கால் வைத்தான். அருளப்பன் கயிற்றைப் பிடித்தான். நான் தகரத்தோடு உட்கார்ந்திருந்தேன். சூசை என் பக்கம் திரும்பவே இல்லை. தலையை ஆட்டினான், போய்விட்டான்.

அவன் அடித்தரையில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் சாமியாருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எழுந்தார். வள்ளத்தில் எழக் கூடாது என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? விளிம்பில் குனிந்தார். ஒரு அலை தூக்கியது. அங்கி காலைத் தட்ட, அரை உடம்பு வெளியே போய்விட்டது. "சாமீ!" என்று தண்டல் அலறி இடுப்பைக் கட்டிக்கொண்டார். இன்னொருவன் காலைப் பிடித்தான். அருளப்பன் சபைத் தலைவன், அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் சாமியாரின் தலையைத் தாங்கிப் பிடித்தான். வள்ளத்தில் இருந்த அத்தனை பேரும் சாமியாரைப் பார்த்தார்கள். எவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். ஆண்டவருடைய ஆள் கடலில் விழுந்தால் எந்த முகத்தோடு கரைக்குப் போவது?

நான் பார்க்கவில்லை. நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் புண்ணியவான் என்று நினைத்துவிடாதீர்கள். அருளப்பன் எங்கே தப்பு செய்வான், சொல்லிக் காட்டலாம் என்றுதான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தன் கயிறு பிறத்தியான் கையில் இருந்தால் எவன் கண்ணும் அங்கேதான் போகும்.

அன்றைக்கு நீவாடு, அதாவது நீரோட்டம், தெற்கே போனது. கயிறும் தெற்கே சாய்ந்து மெல்ல ஆட வேண்டும். சூசையின் கயிறு வடக்கே விறைத்து நின்றது. ஆடவில்லை. கீழே பாறை இடுக்கில் எங்கோ சிக்கியிருக்கிறது. அவன் எத்தனை சுண்டு சுண்டினாலும் மேலே வராது. அவனுடைய மூச்சு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அது முடிந்துகொண்டிருந்தது.

இருந்த இடத்திலிருந்து இழுத்தால் சிக்கு இன்னும் இறுகும். முதலில் தளர்த்த வேண்டும், வள்ளத்தின் முன்னணிக்குப் போய் வடக்குப் பக்கத்திலிருந்து இழுக்க வேண்டும். இதெல்லாம் இப்போது யோசித்து எழுதுகிறேன். அப்போது யோசிக்கவில்லை. அருளப்பன் காலடியில் இருந்து கயிற்றை உருவிக்கொண்டு ஓடினேன். வழியில், குறுக்குப் பலகையைப் பற்றிக்கொண்டு சாமியாரின் ஒரு கை இருந்தது. அதன் மேல் ஏறி நின்றுதான் கயிற்றைத் தளர்த்தினேன். என் வாய் என்னைக் கேட்காமல் கத்தியது:

"ஏலே சூசை! செத்துக் கித்துத் தொலைச்சிராதலே! எந் தங்கச்சி ரெண்டு புள்ளைகளோட எங் கழுத்துல வந்து உக்காந்துருவா! மேல வாலே, சண்டாளப் பாவி!"

முன்னணிக்குத் தாவி ஒரு இழு இழுத்தேன். அசையவில்லை. இன்னொன்று. ஏதோ விட்டது. பிறகு கயிறு வரத் தொடங்கியது, கனத்தோடு. அந்தக் கனம் எனக்குத் தெரிந்த கனம். அழுதுகொண்டேதான் இழுத்தேன்.

7. மேலே வந்தவன் சொன்னது

சூசையைத் தூக்கி வள்ளத்தில் போட்டோம். குப்புறப் படுக்க வைத்து முதுகைத் தட்டினோம். ஒரு பக்கம் அவன் கடல்தண்ணீரைக் கக்கினான், அடுத்த பக்கம் சாமியார் காலையில் குடித்த காப்பியைக் கக்கினார். நடுவில் நான் உட்கார்ந்து இரண்டு பேர் முதுகையும் தடவிக்கொண்டிருந்தேன். அருளப்பன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

மூச்சு சீரானதும் சூசை கேட்ட முதல் கேள்வி, "கயித்த மாத்துனது எப்ப?"

தண்டல் சமாதானமாகப் பேசப் பார்த்தார். "அருளப்பன்தாம்லே பிடிச்சிருந்தான். கொஞ்சம் சாமியார..."

"இல்ல அண்ணாச்சி. மொதல்ல அவன். தளத்தி விட்டு இழுத்தது மச்சான். கை தெரியாதா எனக்கு?"

எட்டுப் பாகம் தண்ணீருக்கு அடியில், மூச்சு முட்டிக்கொண்டிருந்தவன், கயிறு தளர்ந்த விதத்தை வைத்துச் சொல்கிறான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மத்தியானம் கொண்டல் எடுத்தது. பாய் விரித்துக் கரைக்குத் திரும்பினோம். என் மனசில் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. சாமியார் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"சாமி, ஒரு பாவசங்கீர்த்தனம் மாதிரி வச்சுக்கிடுங்க. ஆண்டவர ஒரு நிமிஷமும் மறக்காதன்னு சொன்னீங்க. அந்நேரம் அவர சுத்தமா மறந்துட்டேன். சேசுவேன்னு ஒரு வார்த்தகூட வரல. வாயில வந்ததெல்லாம் கெட்ட பேச்சு."

"கேட்டுச்சு" என்றார் சாமியார். "என் கை மேல நின்னுக்கிட்டுத்தான பேசினீரு." வீங்கிய விரல்களைத் தூக்கிக் காட்டினார். அவர் கோபமாக இல்லை. வேறு ஏதோ யோசனையில் இருந்தார்.

நான் சூசையிடம் திரும்பினேன். எத்தனையோ வருஷமாக அவனுக்குக் கயிறு பிடித்தும் கேட்காத ஒன்றை அன்றைக்குக் கேட்டேன்.

"மாப்பிள, நீரு கீழ கெடக்கும்போது, மச்சான் மேல இருக்காருன்னு நெனச்சுக்கிடுவீரா?"

சூசை என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"அத எதுக்குவே நெனைக்கணும்? அதையே நெனச்சுக்கிட்டு கெடந்தா சங்கு யாரு பொறுக்குவா? நீரு இருக்கீருன்னு தெரியும். தெரிஞ்சாப் போதும்லா? கவலையில்லாம வேலையப் பாப்பேன்."

பாய் அடித்துக்கொண்டிருந்தது. சாமியார் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். அதுவரை படுத்தே கிடந்தவர்.

"சூசை, இப்ப சொன்னத இன்னொருக்க சொல்லும்" என்றார்.

"என்ன சொன்னேன்?" என்றான் சூசை. அவனுக்கு மறந்துவிட்டது. நான்தான் எடுத்துச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் அதையே பிரசங்கமாக வைத்தார். கையில் கட்டு. கட்டு எப்படி வந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஜனங்கள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்த வார்த்தையைச் சொன்ன சூசை பின்னால் தூணில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். பெண்கள் பக்கத்திலிருந்து பாக்கியம் முறைத்த முறைப்பில் தூணே எரிந்திருக்கும், அவன் எழவில்லை.

திங்கட்கிழமை வள்ளத்தில் சூசை கயிற்றை இடுப்பில் கட்டினான். மறு நுனியை என் மடியில் போட்டான். மன்னிப்பு, சமாதானம் ஒன்றும் பேசவில்லை. "இன்னைக்கு நீவாடு பலமா இருக்கும், பாத்துக்கிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையை ஆட்டினான்.

அதன் பிறகு சில வருஷம் கழித்துப் புதுத் துறைமுகத்தில் மூரிங் கேங்கில் சேர்ந்து, கப்பல் கயிறு பிடித்து ரிட்டயர் ஆனேன். கோயிலில் இளைஞர்கள் எப்போதாவது என்னைப் பிடித்து உட்கார வைத்து, "தாத்தா, வேலைக்கு நடுவுல ஆண்டவர எப்படி நெனைக்கிறது? எங்களுக்கு மறந்து மறந்து போகுதே" என்று கேட்பார்கள். சூசை அதைச் சொன்ன நாள் வரைக்கும் நான் என்னையே மேலே கயிறு பிடிக்கிறவனாக நினைத்துக்கொண்டிருந்தேன், ஆண்டவரை நான்தான் நழுவவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று. நான் கீழே கிடக்கிறவன் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. அதனால் அவர்களுக்கு இப்படித்தான் சொல்வது:

"மறந்தா மறந்துட்டுப் போகட்டும்லே. மேல ஒருத்தரு பிடிச்சிருக்காரு. நீ சுண்டுனா தூக்குவாரு. சுண்ட முடியாமக் கெடந்தாலும் தூக்குவாரு. அது தெரிஞ்சாச்சுல்லா? குனிஞ்சு சங்கப் பொறுக்கு."